கட்டுச்சோற்றுத் தூக்கில் மோமோ

எனக்குக் கோபம் வந்தால் சமைப்பேன். சில பெண்கள் பாத்திரத்தை உருட்டுவார்கள், சிலர் சாப்பிடாமல் படுத்துக்கொள்வார்கள். நான் அடுப்பைப் பற்ற வைத்துவிடுவேன். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு யாரு மேலட்டி கோவம்?" என்று கேட்பார். அந்தத் தடவை கோபம் என் மதினி மேல். சமைத்தது மோமோ.

அதற்கு முன்னால் மோமோவை நான் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தள்ளுவண்டியில் பார்த்ததோடு சரி. காலேஜ் பிள்ளைகள் சுற்றி நின்று சிவப்புச் சட்னியில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார்கள். உப்புக் கொழுக்கட்டைக்குப் போய் இவ்வளவு கூட்டமா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அது என்னை இந்தப் பாடு படுத்தும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

என் மருமகள் டார்ஜிலிங் பக்கத்து மலைக்காரி. வீட்டில் பேசுவது நேபாளி. பெங்களூரில் என் மகனோடு ஒரே ஆபீஸில் வேலை பார்த்தாள், அங்கேயே பழக்கமாகி, கல்யாணமும் ஆயிற்று. உண்டானபோது கொஞ்சநாள் எங்களோடு இருக்கட்டும் என்று வந்தவள், வந்த இடத்தில் டாக்டரம்மா 'இனிமேல் நெடும்பயணம் கூடாது' என்று சொல்லிவிட்டதால் இங்கேயே தங்கிவிட்டாள். மாடி அறையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு ஆபீஸ் வேலையை அங்கிருந்தே பார்த்தாள். மகன் சனி, ஞாயிறுக்கு வந்து போனான். பிரசவமும் எங்கள் வீட்டில்தான் என்று முடிவாயிற்று. நல்ல பிள்ளை. என்னிடம் பேசிப் பேசியே தமிழ் படித்தாள். திட்டு வார்த்தைகளை மட்டும் யாரும் சொல்லிக் கொடுக்காமலே படித்துக்கொண்டாள், அதற்கு நான் பொறுப்பில்லை.

ஏழாம் மாதம் வந்தது. வளைகாப்பு வைக்க வேண்டும். இங்கே வளைகாப்பு என்றால் பெண்ணைப் பெற்றவள் கட்டுச்சோறு கொண்டு வரவேண்டும். புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு என்று தூக்குத் தூக்காக வரும். பிள்ளைத்தாய்ச்சி முதலில் அதைத்தான் வாயில் வைப்பாள். சடங்கு முடிந்ததும் பெற்றவளே மகளைப் பிரசவத்துக்குத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவாள். இதுதான் முறை. ஆனால் என் சம்மந்தியால் வரமுடியாது. சம்மந்தி ஆண்பிள்ளை பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருந்தார். அவரை விட்டுவிட்டு அந்த அம்மா வீட்டு வாசலைத் தாண்டியே பல மாதம் ஆகியிருந்தது.

இந்த நேரத்தில்தான் கழுகுமலை பஸ்ஸில் வந்து இறங்கினார் என் மதினி, என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் வகையறாவில் அவரைக் கேட்காமல் ஒரு நல்லது பொல்லாதது நடக்காது. எந்தச் சடங்கில் யார் எங்கே நிற்கவேண்டும், எந்தக் கையால் எதைக் கொடுக்கவேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. முறை தவறினால் பெற்ற மகனைக்கூடச் சபையில் வைத்துக் கேட்டுவிடுவார்.

"கட்டுச்சோறு யாருட்டி கொண்டாருவா?" என்றார், காபி தம்ளரைக் கீழே வைக்கும் முன்னாலேயே.

"அவியளால வரமுடியாது மதினி. சம்மந்தி படுக்கையில இருக்காவள்லா."

"அப்போ தாய்வீட்டுச் சோறு இல்லாம என்ன வளைகாப்பு? நாலு பேரு வந்து தின்னுட்டு, போற வழியில நாதியத்த புள்ளன்னு சொல்லிட்டுப் போவாவ. உனக்குத் தேவையா? பேசாம கோயில்ல ஒரு அர்ச்சனையப் பண்ணிட்டு விட்டுரு."

மாடிப்படியில் தம்ளரோடு என் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எல்லா வார்த்தையும் புரிந்திருக்கிறது என்று மட்டும் முகத்தைப் பார்த்தால் தெரிந்தது. அப்படியே திரும்பி ஏறிப் போய்விட்டாள். மறுநாள் காலையில் நான் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்று, "அத்தே, வளைகாப்பு வேண்டாம். எங்க வீட்டுல இருந்து யாரு வந்தாங்கன்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்கு அழுகை வந்துரும்" என்றாள்.

எனக்கு உச்சந்தலைவரை ஏறிவிட்டது. நாதியற்ற பிள்ளையா? என் வீட்டில் இருந்துகொண்டா? "வளைகாப்பு நடக்கும். உங்க அம்மா வீட்டுச் சோறும் வரும். நீ போய் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டேன். எப்படி வரும், யார் கொண்டு வருவார்கள் என்றெல்லாம் நான் யோசிக்கவே இல்லை. வாய் முந்திக்கொண்டது. தோசை கருகிப் போயிற்று.

அன்றைக்கே மகனுக்குப் போன் போட்டேன். அவள் வீட்டில் நல்ல நாளுக்கு என்ன சமைப்பார்கள் என்று கேட்டேன். "மோமோதாம்மா. வீட்டுல இருக்க எல்லாரும் சுத்தி உக்காந்து மடிப்பாங்க" என்றான். அட கடவுளே, அந்த பஸ் ஸ்டாண்டுக் கொழுக்கட்டையா என்று நினைத்தேன். இருக்கட்டும், எத்தனை பிள்ளையார் சதுர்த்தி பார்த்த கை இது, கொழுக்கட்டைக்கா பயப்படப் போகிறேன்?

முதல் தடவை ஒரு வீடியோவைப் பார்த்துச் செய்தேன். முட்டைக்கோஸைப் பொடிப்பொடியாக நறுக்கி, வெங்காயம், இஞ்சி போட்டுப் பச்சையாகவே உள்ளே வைத்து மடிக்கச் சொன்னான் அதில் வந்தவன். பச்சைக் கோஸைப் போய் யாராவது உள்ளே வைப்பார்களா, இவனுக்கு என்ன தெரியும் என்று, கடுகு உளுந்தம்பருப்பு தாளித்து, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, தேங்காய்ப்பூ தூவி அருமையான பொரியலாக வதக்கி வைத்துக்கொண்டேன். மாவிலும் அப்படியே. கொதிக்கிற தண்ணீரை ஊற்றிக் கிளறி, நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தேன். மைதா பசையாகி விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது, போஸ்டர் ஒட்டலாம். அதையும் விடாமல் உருட்டித் தட்டி மடித்து, இட்லிக் கொப்பரையில் ஈரத்துணி விரித்து வேகவைத்தேன். இட்லிக்குத் துணி போட்டுப் பழகிய கை, அதற்கு வேறு எப்படித் தெரியும்? எடுக்கும்போது அடிப்பாகம் துணியோடு நின்றுவிட்டது, மேல்பாகம் மட்டும் தொப்பி மாதிரி கையில் வந்தது.

கொல்லையில் இரண்டு வெள்ளாடு நிற்கிறது. ஆட்டுக்கு மைதா கொடுத்தால் வயிறு உப்பிவிடும். அதனால் என் வீட்டுக்காரருக்குக் கொடுத்தேன்.

அவர் ஒரு வாய் வைத்துவிட்டு ரொம்ப நேரம் மென்றார். "கோஸ் பொரியலுக்கு எதுக்குட்டி சட்டை மாட்டி விட்ருக்க?" என்றார். நான் முறைத்த முறைப்பில் இன்னொன்றையும் எடுத்துத் தின்றார். பிறகு, "எப்போதும்வென்றான்ல பொறந்தவ ஒரு கொழுக்கட்டைகிட்டயா தோக்கப் போற?" என்று ஒரு போடு போட்டார். என் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லி என்னை உசுப்பிவிடுவது அவருடைய இருபத்தேழு வருடத்துக் கைமருந்து. இன்றுவரை வேலை செய்கிறது.

அன்று ராத்திரி எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. தாய்வீட்டுச் சோறு என்றால் அது தாயின் கைப்பக்குவத்தில்தானே வரவேண்டும்? வீடியோக்காரனிடம் கேட்டு என்ன பிரயோஜனம்? மகனிடம் சொல்லி, சம்மந்தியிடம் விஷயத்தை விளக்கச் சொன்னேன். மருமகளுக்குத் தெரியவே கூடாது என்றும் சொல்லச் சொன்னேன். அந்த அம்மா கேட்டுவிட்டுப் போனிலேயே அழுதுவிட்டார்களாம். அழுது முடித்ததும் முதல் கேள்வியாக, "உன் அம்மாவிடம் சின்ன உருட்டுக்கட்டை இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். அப்போதே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

மருமகள் மேலே காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மீட்டிங்கில் இருக்கும் நேரமாகப் பார்த்து, மத்தியானம் சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வீடியோ காலில் பாடம் நடந்தது. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு நேபாளி தெரியாது. இந்தி இரண்டு பேருக்குமே அரைகுறை, எனக்கு அரைகூட இல்லை. அவர் அவர் பாஷையில் பேசுவார், நான் என் பாஷையில் பேசுவேன். கை மட்டும் ஒரே பாஷை பேசியது. நான் தப்புச் செய்தால் "ஹோய்னா, ஹோய்னா" என்பார். இல்லை, இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தையை நான் அவரிடம் எத்தனை தடவை கேட்டேன் என்பதற்குக் கணக்கே கிடையாது. போகப் போக நானே என் வீட்டுக்காரரைப் பார்த்து ஹோய்னா சொல்ல ஆரம்பித்தேன்.

பச்சைத் தண்ணீரில்தான் மாவு பிசைய வேண்டும், எண்ணெய் கூடாது. நன்றாக அடித்துப் பிசைந்து மூடி வைத்துவிட வேண்டும். கோஸில் உப்புப் போட்டுப் பிசறி வைத்து, ஒட்டப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் மாவு ஊறிக் கிழியும். வட்டத்தை அப்பளம் மாதிரி ஒரே சீராகத் தேய்க்கக் கூடாது. ஓரம் மெல்லிசாக இருக்க வேண்டும், நடு கொஞ்சம் கனமாக இருக்க வேண்டும். இந்த ஒன்றுக்கே என்னை அவர் படாத பாடு படுத்தினார். வட்டத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டச் சொல்லிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, ஹோய்னா. சவத்த, நீங்களே வந்து தேய்ச்சுக்கிடுங்க என்று தமிழில் சொல்லிவிட்டேன் ஒருநாள். அவருக்கு எப்படிப் புரிந்ததோ, விழுந்து விழுந்து சிரித்தார்.

மடிப்புதான் மலையாக நின்றது. இடது கையில் வட்டத்தை வைத்து, வலதுகைப் பெருவிரலால் ஓரத்தைச் சிறிது சிறிதாக இழுத்து மடித்துச் சுற்றிக்கொண்டே வந்து, கடைசியில் உச்சியில் ஒரு திருகு திருகி முடிக்க வேண்டும். சம்மந்தி கண்ணை மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுவார். எனக்கோ பாதியில் வாய் பிளந்துகொள்ளும். எரிச்சலில் ஒருநாள் மாவைக் கீழே வைத்துவிட்டு, அவிழ்ந்த புடவையைச் சரிசெய்ய எழுந்து நின்று கொசுவத்தை அள்ளினேன். அப்போதுதான் என் விரலைப் பார்த்தேன். அட மடச்சி! பெருவிரலில் தள்ளி, ஆள்காட்டி விரலில் வாங்கி, நடுவிரலில் பிடித்துக்கொள்கிறது. இதைத்தானே அவர் இத்தனை நாளாகக் கத்திக்கொண்டிருக்கிறார்! அப்படியே உட்கார்ந்து மோமோவுக்குக் கொசுவம் வைத்தேன். பிரிப்பிரியாக வந்து உச்சியில் மூடிக்கொண்டது. போனுக்கு நேராகத் தூக்கிக் காட்டினேன்.

"டீக் ச!" என்றார். சரியாக இருக்கிறதாம். சமையல்கட்டில் தனியாக நின்று கையைத் தட்டிக்கொண்டேன், வெட்கமே இல்லாமல்.

சட்னிக்கு அவர் தக்காளியும் எள்ளும் காட்டினார். பிறகு உருண்டையாகச் சிவப்பாக ஒரு மிளகாயை எடுத்து நீட்டினார், அவர்கள் மலையில் விளைவதாம். "அடி ஆத்தி, இருங்க" என்று நான் ஓடிப்போய் டப்பாவிலிருந்து எங்கள் கரிசல் காட்டுக் குண்டு வத்தலை எடுத்து வந்து நீட்டினேன். இரண்டு பேரும் போனுக்கு முன்னால் மிளகாயைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம். அவருக்குப் பின்னால் கட்டிலில் படுத்திருந்த சம்மந்தியும் தலையைத் திருப்பி என்ன சத்தம் என்று பார்த்தார்.

வளைகாப்பு அன்று விடியற்காலையிலேயே பக்கத்து வீட்டில் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். நான் தேய்த்துக் கொடுக்கக் கொடுக்க அவர்கள் கொசுவம் வைத்தார்கள். பெரிய இட்லிக் கொப்பரையில் துணி இல்லாமல், தட்டில் எண்ணெய் தடவி அவித்து, அடுக்குத் தூக்கில் எடுத்து வைத்தோம். ஒன்றுகூடக் கிழியவில்லை.

எங்கள் வீட்டு ஹாலில் மருமகள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். பட்டுச்சேலை, சந்தனம், கை நிறையப் போட வளையல், எல்லாம் இருந்தது. அவள் மட்டும் தலையை நிமிர்த்தவே இல்லை. 'சோறு வரும்' என்று நான் சொன்னதை அவள் நம்பவில்லை, பாவம், எனக்காகத்தான் வந்து உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் மதினி. சொந்தபந்தம் எல்லாம் ஆளுக்கு ஒரு பார்வை பார்த்துக்கொண்டிருந்தது. "தாய்வீட்டு ஆளுக எங்க?" என்று எங்கோ ஒரு குரல் கேட்டது.

நான் சத்தமில்லாமல் கொல்லைவழியாக வெளியே போனேன். பக்கத்து வீட்டில் தூக்கை எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டு அம்மா தாம்பாளத்தை எடுத்துக்கொண்டார். அதில் வளையல், மஞ்சள், பூ, பழம், தேங்காய். தேங்காயில் சாய்த்து வைத்த போனுக்குள் என் சம்மந்தி, அவர்களும் பட்டு உடுத்தியிருந்தார்கள். தெருவழியாகச் சுற்றிக்கொண்டு வந்து என் வீட்டு வாசலில், படிக்கு வெளியே நின்றேன்.

உள்ளே எல்லாத் தலையும் வாசல் பக்கம் திரும்பியது.

பெண்வீட்டார் வாசலில் வந்து நின்றால் மாமியார்க்காரி எழுந்து வந்து 'வாங்க' என்று கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் படியேறக் கூடாது. இந்த வீட்டு மாமியார்க்காரி நான். நானே வெளியே நிற்கிறேன், யார் கூப்பிடுவது?

"பொண்ணோட அம்மா கட்டுச்சோறு கொண்டாந்து நிக்கேன். வாங்கன்னு சொல்ல இந்த வீட்டுல ஆளில்லையா?" என்று கேட்டேன். உரக்கத்தான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தார். "கோட்டிக்காரி" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆனால் எனக்கு அவரைத் தெரியும். பெண்வீட்டாரை வாசலில் நிற்கவைத்தார்கள் என்ற பேச்சு இந்தக் குடும்பத்துக்கு வருவதை அவர் உயிரோடு இருக்கும்வரை பொறுக்க மாட்டார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என் முகத்துக்கு நேராகப் பார்த்து, கையைக் கூப்பினார்.

"வாங்க சம்மந்தி" என்றார். பிறகு குனிந்து தாம்பாளத்தில் இருந்த போனைப் பார்த்து, "நீங்களும் வாங்க தாயி. பாத்து வாங்க, படி ஒசரம்" என்றார்.

மருமகள் அதற்குள் நிமிர்ந்துவிட்டாள். நான் தூக்கைத் திறந்து ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் உடனே வாயில் வைக்கவில்லை. திருப்பித் திருப்பிப் பார்த்தாள், உச்சியில் இருந்த திருகைத் தொட்டுப் பார்த்தாள். "இது எங்க அம்மா மடிப்பு" என்றாள். போனுக்குள் இருந்தவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் அழுதாள், அழுதுகொண்டே தின்றாள், தின்றுகொண்டே சிரித்தாள். போனுக்குள் அந்த அம்மாவும் அதையேதான் செய்துகொண்டிருந்தார்கள். நானும்தான். எனக்கென்ன, நான் கல்லா?

பந்தியில் புளிச்சோறும் இருந்தது, தெருப் பெண்கள் உபயம். சீந்துவாரில்லை. மோமோவைச் சுற்றித்தான் கூட்டம். மதினி முதலில் ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்தார், பிறகு முழுசாக வாயில் போட்டுக்கொண்டார், பிறகு இலையை என் பக்கம் நகர்த்தினார்.

"சட்னி வையி. நம்ம வத்தல் மாதிரில்லா ஒறைக்கி."

"நம்ம வத்தல்தான் மதினி."

"மதினியா? சம்மந்தின்னு சொல்லு. சபையில முறை தவறக் கூடாது" என்றார். அந்தப் பெரிய மனுஷி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை என் கல்யாணத்துக்குப் பிறகு நான் பார்த்ததே இல்லை.

எல்லாம் முடிந்து ஆட்கள் எழுந்திருக்கும் நேரத்தில் அவர்தான் குரல் கொடுத்தார். "ஏ சம்மந்தி, சோத்தக் கொண்டாந்தா மட்டும் போதுமா? பொண்ணப் பிரசவத்துக்குக் கூட்டிட்டுப் போக வேண்டாமா?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. அப்புறம் போய் மருமகள் கையைப் பிடித்து எழுப்பினேன். மதினி அவள் நெற்றியில் திருநீறு பூசி, "நல்லபடியா பெத்து எடுத்துட்டு வா, உன் மாமியா வீட்டுல நாங்க காத்திருப்போம்" என்று வழியனுப்பினார். கூட்டம் வாசல்வரை வந்தது. நாங்கள் முன்படி இறங்கி, தெருவில் நாலு எட்டு நடந்து, சந்துவழியாகத் திரும்பி, வெள்ளாடுகளைத் தாண்டிக் கொல்லைக்கதவு வழியாக என் சமையல்கட்டுக்குள் நுழைந்தோம். அவளுக்கு மூச்சு வாங்கியது. முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, அவளுக்கென்று மூடி வைத்திருந்த மோமோத் தட்டை எடுத்து மடியில் வைத்தேன்.

"இது உங்க அம்மா வீடு. பிள்ளை பொறக்கிற வரைக்கும் இங்கனதான் இருப்ப" என்றேன். "காலை நீட்டி உக்காரு. உன் மாமியாக்காரி ஏதாவது சொன்னான்னா, எங்கிட்ட வந்து சொல்லு. அவள நான் பாத்துக்கிடுதேன்."

"சரிம்மா, அவங்க ரொம்பத்தான் கத்துறாங்க" என்றாள் அவள், வாயில் மோமோவோடு.